கேம் பாதியில் நின்றுபோனால் பழுதை எங்கே தேடுவது?

காட்சியை வரைய வீடியோ மெமரி போதவில்லை. இந்தப் பொருள்பட ஒரு பிழைச்செய்தியை 2023, 2024ஆம் ஆண்டுகளில் பல நாடுகளிலும் கேம் ஆடுபவர்கள் பார்த்தார்கள். கேம்களை உருவாக்கும் மென்பொருளான அன்ரியல் எஞ்சினில் உருவான ஒரு கேமைத் திறப்பார்கள். ஷேடர்களைத் தயார்செய்யும் பட்டை பாதி தூரம் ஓடும். பிறகு இந்தச் செய்தியைக் காட்டிவிட்டுக் கேம் மூடிக்கொள்ளும். செய்தி கிராபிக்ஸ் கார்டைக் கைகாட்டியதால் டிரைவரை மாற்றினார்கள், விண்டோஸை அழித்து மறுபடி நிறுவினார்கள், கார்டைக் கழற்றி வேறு கார்டு போட்டுப் பார்த்தார்கள். 24 ஜிபி மெமரி கொண்ட கார்டிலும் அதே செய்திதான் வந்தது. கடைசியில் பழுது கிராபிக்ஸ் கார்டில் இல்லை, இன்டெல் பிராசஸரில் இருந்தது என்று தெரியவந்தது.

இடுப்பில் நரம்பு அழுத்தப்பட்டால் வலி காலில் தெரிவதைப் போல, பிழைச்செய்தி புரோகிராம் விழுந்த இடத்தை மட்டுமே சொல்கிறது. தள்ளிவிட்டது எது என்பதை அது அறியாது. ஆகவே வீட்டுக் கம்ப்யூட்டரில் கேம் திரும்பத் திரும்ப நின்றால் முதலில் கவனிக்க வேண்டியது அது எப்படி நிற்கிறது என்பதை. செய்தியின் வாசகத்துக்கு அடுத்த இடம்தான். நிற்கும் விதத்தைச் சரியாகப் படித்தால் தேட வேண்டிய இடம் பாதிக்கு மேல் சுருங்கிவிடும்.

## கேம் மட்டும் ஏன் விழுகிறது?

"மற்ற எல்லா வேலைக்கும் கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறது. அப்படியானால் கேமில்தானே குறை?" என்று கேட்பது இயல்பு. சில நேரம் அது உண்மையும்கூட. ஆனால் பிரவுசரும் வேர்டும் நன்றாக ஓடுவதை வைத்து வன்பொருள் நலமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. அவை பிராசஸரின் திறனில் சிறு பகுதியை, அதுவும் விட்டுவிட்டுத்தான் பயன்படுத்துகின்றன. கேம், பிராசஸரையும் கிராபிக்ஸ் கார்டையும் ராமையும், எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் பவர் சப்ளையான எஸ்.எம்.பி.எஸ்ஸையும் ஒரே நேரத்தில், மணிக்கணக்கில், ஏறி இறங்கும் சுமையில் வேலை வாங்குகிறது.

கேமுக்கும் வன்பொருளுக்கும் நடுவில் சில அடுக்குகள் உள்ளன. மேலே இருப்பது கேம் புரோகிராம். அது டைரக்ட்எக்ஸ் அல்லது வல்கன் என்ற பொது மொழியில் "இதை வரை" என்று கேட்கிறது. அந்தக் கோரிக்கையைக் குறிப்பிட்ட கார்டுக்குப் புரியும் கட்டளையாக மாற்றுவது டிரைவர். இவை அனைத்துக்கும் அடியில் விண்டோஸின் கருப்பகுதியான கெர்னல் இருக்கிறது. அதற்கும் கீழே இருப்பவை சிப்புகளும் மின்சாரமும். எந்த அடுக்கில் தவறு நேர்ந்தாலும் பார்ப்பவருக்குத் தெரிவது ஒன்றுதான்: கேம் நின்றுபோனது. அடுக்குகளைப் பிரித்தறிய உதவுவது, கூடவே வேறு என்ன நின்றது என்ற கேள்வி.

## விழும் விதங்கள் நான்கு

1. கேம் மட்டும் மூடிக்கொண்டு டெஸ்க்டாப் தெரிகிறது. பாட்டு தொடர்ந்து ஒலிக்கிறது, மற்ற ஜன்னல்கள் அப்படியே இருக்கின்றன. தவறு செய்த புரோகிராமை விண்டோஸ் தனியாக வெளியேற்றிவிட்டது என்று பொருள். கேமின் குறை, சிதைந்த கோப்பு, கேமில் வெளியார் செய்து சேர்க்கும் மாற்றமான மோட், ராம் பிழை, பிராசஸர் பிழை என எல்லாவற்றுக்கும் இங்கே இடமுண்டு. நான்கில் மிகவும் குழப்பம் தருவது இதுதான்.

2. திரை ஓரிரு விநாடி உறைகிறது அல்லது கறுக்கிறது, பிறகு டெஸ்க்டாப் திரும்புகிறது, கேம் போய்விட்டிருக்கிறது. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து ஒரு காவல் ஏற்பாடு இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டு ஒரு வேலையை எடுத்துக்கொண்டு 2 விநாடிக்குள் பதில் தராவிட்டால், அது தொங்கிவிட்டது என்று முடிவுசெய்து விண்டோஸ் டிரைவரை மறுதொடக்கம் செய்கிறது. நிகழ்வுப் பதிவில் 'டிஸ்ப்ளே' என்ற பெயரோடு 4101 என்ற எண் விழும். கார்டு, டிரைவர், கார்டுக்குப் போகும் மின்சாரம் ஆகிய மூன்றும் முதல் சந்தேகத்துக்குரியவை.

3. முழுத் திரையிலும் நிறுத்தச் செய்தி. பல ஆண்டுகளாக நீல நிறத்தில் வந்த இதை, விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் 2025 முதல் மைக்ரோசாப்ட் கறுப்பாக மாற்றியது. கெர்னலே தொடர முடியாமல் கைவிட்டது என்று இதற்குப் பொருள். சாதாரண கேம் புரோகிராம் ஒன்றினால் தன் பலத்தில் கெர்னலை வீழ்த்த முடியாது. எனவே டிரைவர், கெர்னலுக்குள் இயங்கும் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள், ராம், பிராசஸர் என்ற வரிசையில் பார்க்க வேண்டும்.

4. எந்தச் செய்தியும் இல்லாமல் கம்ப்யூட்டர் அணைகிறது அல்லது மறுபடி தொடங்குகிறது. விண்டோஸுக்கு எழுதிவைக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. அடுத்த முறை எழும்போது 'கெர்னல் பவர் 41' என்ற பதிவை மட்டும் போடுகிறது. "முன்பு ஒழுங்காக அணைக்கப்படவில்லை" என்பதுதான் அதன் பொருள். பவர் சப்ளை பழுது என்று பொருளில்லை. ஆனால் அந்தப் பதிவுக்குள் இருக்கும் பக்செக் எண் (கெர்னல் நின்றதன் காரணத்தைக் குறிக்கும் எண்) பூஜ்யமாக இருந்தால், மின்சாரம் திடீரென்று துண்டிக்கப்பட்டிருக்கலாம் என்ற சந்தேகம் வலுக்கிறது.

## பதிவேட்டில் எதைப் படிப்பது?

விண்டோஸ் எல்லாவற்றையும் எழுதிவைக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி' என்று தேடினால் நாள்வாரியான ஒரு வரைபடம் திறக்கும். சிவப்புப் பெருக்கல் குறி இட்ட நாள்களைத் தட்டினால் அன்று விழுந்தவற்றின் பட்டியல் வரும். விரிவாகப் பார்க்க விரும்புவோருக்கு 'ஈவன்ட் வியூவர்' இருக்கிறது.

கேம் விழுந்ததற்கான பதிவில் இரண்டு விவரங்கள் முக்கியம்: விழுந்தபோது ஓடிக்கொண்டிருந்த கோப்பின் பெயர், பிழைக் குறியீடு. அடிக்கடி காணப்படும் குறியீடு 0எக்ஸ்சி0000005. தனக்கு உரிமையில்லாத மெமரி முகவரியைப் புரோகிராம் தொட முயன்றது என்பது அதன் பொருள். பலர் இந்தக் குறியீட்டை இணையத்தில் தேடிக் கிடைக்கிற தீர்வுகளையெல்லாம் செய்து பார்க்கிறார்கள். அதனால் பயன் குறைவு, ஏனென்றால் நூறு வேறுபட்ட காரணங்களுக்கும் இதே குறியீடுதான்.

பயன் தருவது ஒப்பீடு. ஐந்தாறு பதிவுகளை எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே கோப்பு, அதே முகவரி, கேமில் அதே இடம் என்றால் மென்பொருள் குறைக்கே வாய்ப்பு அதிகம். கணினி ஒரே கட்டளையை ஒரே விதமாகத்தான் தவறாகச் செய்யும். இன்று கேமின் கோப்பு, நாளை விண்டோஸின் கோப்பு, மறுநாள் ஒலி டிரைவர், நடுவில் ஒருநாள் பிரவுசர் தாவல் என்று சிதறிக் கிடந்தால், அடியிலுள்ள ராமோ பிராசஸரோ அவ்வப்போது தவறான விடை தருகிறது என்று நினைக்க வலுவான காரணம் இருக்கிறது. வீட்டில் செய்யக்கூடிய சோதனைகளில் செலவே இல்லாமல் இவ்வளவு தெளிவு தருவது வேறில்லை. ஆனாலும் பெரும்பாலோர் இதைத் தாண்டிப்போய்விடுகிறார்கள்.

இன்னொரு பதிவும் உண்டு. டபிள்யூ.எச்.இ.ஏ. லாகர் என்ற பெயரில் வருவது வன்பொருளே தரும் புகார். எண் 18 என்றால் மீள முடியாத பிழை. எண் 19 என்றால் பிழை நேர்ந்தது, வன்பொருளே திருத்திக்கொண்டது. திருத்திக்கொண்டதுதானே என்று இரண்டாவதை அலட்சியம் செய்ய வேண்டாம். நலமான கம்ப்யூட்டரில் 19 வரிசையாக விழுவதில்லை.

## இன்டெல் விவகாரம்: ஒரு தவறான செய்தி எப்படிப் பிறந்தது?

இன்டெல்லின் 13ஆம் தலைமுறை 'கோர்' வகைப் பிராசஸர்கள் 2022 அக்டோபரிலும், 14ஆம் தலைமுறை 2023 அக்டோபரிலும் கடைக்கு வந்தன. முதலில் புகார்கள் ஐ9, ஐ7 வகைகளின் மேல்நிலை மாடல்களைப் பற்றி எழுந்தன. ஏன் கேமில், அதுவும் அன்ரியல் எஞ்சின் கேமில் அதிகமாகத் தெரிந்தது என்பதைப் புரிந்துகொள்ள ஷேடர் என்றால் என்ன என்று பார்க்க வேண்டும்.

திரையில் தெரியும் ஒவ்வொரு பரப்பின் நிறத்தையும் ஒளியையும் கணக்கிட்டுத் தரும் சிறு புரோகிராம்தான் ஷேடர். ஒரு பெரிய கேமில் இவை ஆயிரக்கணக்கில் இருக்கும். இடம் மிச்சப்படுத்த அவற்றைச் சுருக்கிவைத்திருப்பார்கள். கேம் திறக்கும்போது பிராசஸர் அவற்றை விரித்து, உங்கள் கார்டுக்கு ஏற்ற கட்டளையாக மாற்றிக்கொடுக்கிறது. விரிக்கும் வேலையைச் செய்வது ஊடில் என்ற மென்பொருள். அதை உருவாக்கிய ராட் கேம் டூல்ஸ் நிறுவனத்தை 2021இல், அன்ரியல் எஞ்சினை உருவாக்கிய எபிக் கேம்ஸ் வாங்கியது.

சுருக்கிய தரவை விரிப்பது பிராசஸரின் எல்லாக் கோர்களையும், அதாவது தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகளையும், ஒரே நேரத்தில் முடுக்கும் வேலை. அதோடு அது சின்னத் தவறையும் பொறுக்காத வேலை. வீடியோவில் ஒரு புள்ளியின் நிறம் மாறினால் கண்ணுக்குத் தெரியாது. சுருக்கிய தரவில் ஒரு பிட் மாறினால் அதற்குப் பின்னால் வருவது முழுவதும் குப்பையாகிவிடும். ஊடில் அந்தத் தவறைக் கண்டுபிடித்து நிறுத்திவிடும். மற்ற மென்பொருளில் அதே பிராசஸர் செய்த தவறு யார் கண்ணிலும் படாமல் போயிருக்கும். சில சமயம் ஷேடர் தயாராகாமல் போனதற்குக் காரணம் தெரியாத எஞ்சின், வழக்கமான காரணத்தை ஊகித்து "வீடியோ மெமரி போதவில்லை" என்று எழுதிவிடும். இப்படித்தான் பிராசஸரின் பழி கிராபிக்ஸ் கார்டின் தலையில் விழுந்தது.

இதை வெளிப்படையாக எழுதியவர்கள் ராட் குழுவினர்தான். ஊடில் காட்டும் பிழை ஊடிலின் குறை அல்ல, இதே கம்ப்யூட்டர்கள் சினிபெஞ்ச், பிரைம்95 போன்ற மற்ற சோதனைகளிலும் விழுகின்றன என்று அவர்கள் விளக்கினார்கள். 2024 ஏப்ரலில் கிராபிக்ஸ் கார்டு நிறுவனமான என்விடியாவும், இந்த இரு தலைமுறை பிராசஸர்களில் வீடியோ மெமரி பிழை வந்தால் இன்டெல்லைத் தொடர்புகொள்ளுங்கள் என்று தன் டிரைவர் குறிப்பில் சேர்த்தது.

தொடக்கத்தில் சந்தேகம் மதர்போர்டு நிறுவனங்கள்மேல் விழுந்தது. ஐ9 13900கே பிராசஸருக்கு இன்டெல் குறித்த உச்ச அளவு 253 வாட். பல மதர்போர்டுகள் தொழிற்சாலை அமைப்பிலேயே அந்த இடத்தில் 4,000 வாட்டுக்கு மேற்பட்ட எண்ணை, அதாவது வரம்பே இல்லை என்பதை, வைத்திருந்தன. அது நல்ல பழக்கம் இல்லைதான். ஆனால் முழுக் காரணம் அதுவல்ல. 2024 ஜூலை 22 அன்று இன்டெல், தன் மைக்ரோகோடில் இருந்த தவறான கணக்கால் பிராசஸர் தேவைக்கு மேல் மின்னழுத்தத்தைக் கேட்டுப் பெறுகிறது என்று ஒப்புக்கொண்டது.

மைக்ரோகோடு என்பது பிராசஸருக்குள் இயங்கும் மிக அடிப்படையான கட்டளைத் தொகுப்பு. எந்த வேகத்துக்கு எவ்வளவு வோல்ட் வேண்டும் என்று மதர்போர்டிடம் கேட்பதும் அதன் பொறுப்பில் வருகிறது. அது கூடுதலாகக் கேட்டது, மதர்போர்டு கொடுத்தது. 2024 செப்டம்பரில் இன்டெல் இந்தப் பழுதுக்கு 'வீமின் நகர்வு' என்று பெயர் கொடுத்தது. வீமின் என்பது ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தவறில்லாமல் ஓடத் தேவையான குறைந்தபட்ச மின்னழுத்தம். கோருக்குள் எல்லாப் பகுதிகளுக்கும் நேரத்துடிப்பைக் கொண்டுசெல்லும் சுற்று ஒன்று உள்ளது. அதிக மின்னழுத்தமும் வெப்பமும் அந்தச் சுற்றை வேகமாக மூப்படையச் செய்தன. துடிப்பின் அளவு பிசகியது. வாங்கிய அன்று போதுமாக இருந்த வோல்ட் சில மாதங்களில் போதாமல் போனது.

பழுதின் குணம் இதிலிருந்தே விளங்குகிறது. வாங்கியவுடன் நன்றாக ஓடிய கம்ப்யூட்டர், எதையும் மாற்றாமலேயே, மெல்ல மெல்ல மோசமாகிறது. முதலில் ஒரு கேம் மட்டும். பிறகு கிராபிக்ஸ் டிரைவர் நிறுவும்போது பிழை. நிறுவும் கோப்பும் சுருக்கப்பட்டதுதானே. பிறகு ஜிப் கோப்பு விரியாமல் போகிறது. அப்புறம் முழுத்திரை நிறுத்தச் செய்தி.

திருத்தங்கள் பயாஸ் (கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடும் மதர்போர்டு மென்பொருள்) அப்டேட் வழியாக வந்தன. 2024 ஆகஸ்டில் வந்த 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோடு 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்பதைத் தடுத்தது. செப்டம்பரில் 0எக்ஸ்12பி, 2025 மே மாதம் 0எக்ஸ்12எஃப். இவை தேய்மானத்தைத் தடுக்கும். ஏற்கெனவே தேய்ந்துபோன சிப்பைச் சரிசெய்யாது. அப்டேட் போட்டும் கேம் நிற்கிறது என்றால் அப்டேட் வேலைசெய்யவில்லை என்று எண்ண வேண்டாம். சிப் அதற்கு முன்பே கெட்டுவிட்டது என்பதே பெரும்பாலும் உண்மை.

## வேகத்தைக் குறைத்துப் பார்ப்பது ஏன் சிறந்த சோதனை?

இன்டெல் காரணத்தைக் கண்டுபிடிக்கும் முன்பே, கேம் நிறுவனங்கள் ஒரு தற்காலிக வழி சொன்னார்கள்: பயாஸில் அல்லது இன்டெல்லின் எக்ஸ்.டி.யூ. மென்பொருளில் முதன்மைக் கோர்களின் உச்ச வேகத்தைச் சில நூறு மெகாஹெர்ட்ஸ் குறையுங்கள். பலருக்குக் கேம் ஓடியது. வேகம் குறைந்தால் தேவைப்படும் குறைந்தபட்ச மின்னழுத்தமும் குறையும் என்பதே காரணம்.

இது எந்தச் சிப்புக்கும் பொருந்தும். பிராசஸரை, ராமை, கிராபிக்ஸ் கார்டை ஒவ்வொன்றாக வேகம் குறைத்து ஓட்டிப் பாருங்கள். எதைக் குறைத்தபோது பிழை மறைகிறதோ, பழுது அங்கேயோ அதற்கு மின்சாரம் வரும் பாதையிலோதான். மென்பொருள் குறை என்றால் நூறு மெகாஹெர்ட்ஸ் குறைந்ததற்காக அது மனம் மாறப்போவதில்லை. உதிரிபாகம் எதையும் வாங்காமல் இந்தச் சோதனையைச் செய்யலாம்.

அழுத்தச் சோதனை மென்பொருளில் தேறிவிட்டது என்பதை மட்டும் நம்பி பிராசஸருக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிடக் கூடாது. எல்லாக் கோர்களும் முழுச் சுமையில் ஓடும்போது பிராசஸர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. உச்ச வேகமும் உச்ச மின்னழுத்தமும் வருவது ஓரிரு கோர்கள் மட்டும் சட்டென்று முடுக்கப்படும் தருணங்களில். கேமில் அத்தகைய தருணங்கள் நிறைய. ஒரு மணி நேரம் சீராக வறுத்தெடுக்கும் சோதனையில் அவை வருவதே அரிது.

## வீட்டில் எந்த வரிசையில் சோதிப்பது?

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். டிரைவரையும் பயாஸையும் ஒரே மாலையில் மாற்றிவிட்டுக் கேம் ஓடினால், எது சரிசெய்தது என்று தெரியாது. மறுபடி நிற்கும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

1. கேமின் கோப்புகளைச் சரிபார்க்கவும். ஸ்டீமில் கேமின் பண்புகளுக்குள் இதற்கென்று பொத்தான் இருக்கிறது. மோட்களை நீக்கவும். அந்தக் கேம் உங்கள் விண்டோஸ் பதிப்போடு ஒத்துப்போகிறதா என்றும் பார்க்கவும். 2024 இறுதியில் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் யூபிசாஃப்டின் சில கேம்கள் உறைந்துபோயின. அவை உள்ள கம்ப்யூட்டர்களுக்கு அந்த அப்டேட்டை மைக்ரோசாப்டே நிறுத்திவைத்தது. அப்படிப்பட்ட நிலையில் நீங்கள் கேபினெட்டைத் திறப்பது வீண்.

2. வேறு இரண்டு கேம்களை, வேறு எஞ்சினில் உருவானவற்றை, ஓட்டிப் பார்க்கவும். ஒன்று மட்டும் விழுகிறதா, எல்லாமா?

3. டிரைவர். புதியது நல்லது என்பது பொது விதி, ஆனால் எப்போதும் அல்ல. ஆர்.டி.எக்ஸ் 50 வரிசை வந்த 2025 தொடக்கத்தில் வெளியான என்விடியா டிரைவர்கள் சிலவற்றில் திரை கறுத்துப்போகும் கோளாறு இருந்து, அடுத்தடுத்துத் திருத்தங்கள் வெளியிட வேண்டிவந்தது. பிரச்சினை ஒரு டிரைவர் அப்டேட்டுக்குப் பிறகு தொடங்கியது என்றால் முந்தைய பதிப்புக்கே திரும்பிப் பார்ப்பதில் தவறில்லை.

4. மெய்யாகவே மெமரி போதவில்லையா? விண்டோஸ், ராமோடு டிஸ்க்கில் உள்ள பேஜ் ஃபைல் என்ற கோப்பையும் சேர்த்துத்தான் புரோகிராம்களுக்கு மெமரி தருவதாக வாக்குக் கொடுக்கிறது. எஸ்.எஸ்.டி. தேயும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அந்தக் கோப்பை நிறுத்திவைத்தவர்கள் இருக்கிறார்கள். ராமில் இடம் மிச்சமிருப்பதாகத் தெரியும்போதே கேம் விழும். பதிவேட்டில் 2004 என்ற எண்ணோடு 'ரிசோர்ஸ் எக்ஸாஸ்சன்' என்ற பெயர் வந்தால் இதுதான் காரணம். பேஜ் ஃபைலைத் திரும்ப விண்டோஸின் பொறுப்பில் விட்டால் போதும்.

5. ராம். ராமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்.எம்.பி., எக்ஸ்போ என்ற அமைப்புகளை பயாஸில் இயக்கியிருப்பீர்கள். 6,000 என்று பெட்டியில் அச்சிட்ட டிடிஆர்5 ராம் இவை இல்லாமல் 4,800 போன்ற அடிப்படை வேகத்தில்தான் ஓடும். அச்சிட்ட வேகம் ராம் நிறுவனம் சோதித்தது. உங்கள் பிராசஸரின் மெமரி கட்டுப்பாட்டகம் அதைத் தாங்கும் என்று பிராசஸர் நிறுவனம் உறுதி தரவில்லை. இதை அணைத்துவிட்டு இரண்டு நாள் ஆடிப் பாருங்கள். பிறகு மெம்டெஸ்ட்86ஐ பென்டிரைவில் ஏற்றி, விண்டோஸுக்கு வெளியே, இரவு முழுவதும் ஓடவிடுங்கள். காலையில் ஒரே ஒரு பிழை இருந்தாலும் அது தோல்விதான். "ஒன்றுதானே" என்று விட்டுவிட முடியாது. இரண்டு ராம் கட்டைகள் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதித்துக் குற்றவாளியைப் பிரிக்கலாம்.

6. வெப்பம். இதற்குத் தகுதிக்கு மீறிய பழி விழுகிறது. இக்காலப் பிராசஸரும் கார்டும் சூடானால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேல்நிலை மாடல்களுக்கு வரம்பு 100 டிகிரி, ஏ.எம்.டி.யின் ரைசன் 7000 வரிசையில் பலவற்றுக்கு 95. ஆகவே வெப்பத்தின் முதல் அடையாளம் கேம் மந்தமாவது. எச்.டபிள்யூ.இன்ஃபோ மென்பொருளை ஓடவிட்டு ஆடினால் உச்ச அளவு பதிவாகும். அறையின் வெப்பம் ஏறும் அளவுக்குச் சிப்பின் வெப்பமும் ஏறும் என்பதால், மார்கழியில் ஓடிய கம்ப்யூட்டர் வேலூரின் சித்திரை மதியத்தில் தடுமாறினால் தூசியும் விசிறியும் பார்க்க வேண்டியவை.

## மின்சாரம்: நம் வீடுகளில் தனியாகப் பார்க்க வேண்டியது

நான்காம் விதமான வீழ்ச்சியில், அதாவது செய்தியின்றி அணைவதில், எஸ்.எம்.பி.எஸ் முதல் சந்தேகத்துக்குரியது. கிராபிக்ஸ் கார்டு சராசரியாக எடுக்கும் வாட் வேறு, ஒரு கணம் பாய்ந்து எடுக்கும் வாட் வேறு. இந்தப் பாய்ச்சலைக் கணக்கில் எடுத்துத்தான் 2022இல் வந்த, டெஸ்க்டாப் எஸ்.எம்.பி.எஸ்களுக்கான ஏ.டி.எக்ஸ் 3.0 விதி, புதிய 12 வோல்ட் இணைப்பு கொண்ட எஸ்.எம்.பி.எஸ் தன் திறனைப்போல் இருமடங்கை 100 மைக்ரோ விநாடி தாங்க வேண்டும் என்றது. பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸில் பாதுகாப்புச் சுற்று அந்தப் பாய்ச்சலைப் பழுது என்று நினைத்து மின்சாரத்தைத் துண்டித்துவிடும். 80 பிளஸ் தங்கம், வெண்கலம் என்ற முத்திரைகள் மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்கின்றன. பாய்ச்சலைத் தாங்கும் திறனைச் சொல்வதில்லை.

கார்டுக்கு இரண்டு மின் இணைப்புகள் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனி கேபிள் போட வேண்டும். ஒரே கேபிளின் இரு தலைகளைச் செருகியிருப்பதைப் பல வீடுகளில் காணலாம். மாற்ற ஐந்து நிமிடம் ஆகாது.

அடுத்தது இன்வெர்ட்டர். மின்சாரம் நின்றால் ஏ.டி.எக்ஸ் எஸ்.எம்.பி.எஸ் தன்னிடம் சேமித்ததை வைத்து முழுச் சுமையில் ஏறக்குறைய 17 மில்லி விநாடி தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது பழைய விதி. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு முழுச் சுழற்சி 20 மில்லி விநாடி. தாக்குப்பிடிக்கும் நேரம் அதைவிடக் குறைவு. வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவற்றின் பின்பக்கம் ஒரு சிறு சுவிட்சு இருக்கும்: ஒரு பக்கம் சாதாரண நிலை, மறுபக்கம் யு.பி.எஸ் நிலை. சாதாரண நிலையில் மின்மாற்றம் மெதுவாக நடக்கும். ஃபேனும் விளக்கும் கண் சிமிட்டும், கம்ப்யூட்டர் அணைந்துவிடும். மின்னழுத்தம் வெகுவாகத் தாழ்ந்த பிறகும் பாட்டரிக்கு மாறாமல் காத்திருப்பதும் இந்த நிலையில்தான். வெறுமனே இருக்கும்போது தப்பிக்கும் கம்ப்யூட்டர் கேம் ஓடும்போது தப்பாது, ஏனென்றால் சுமை கூடினால் சேமிப்பு சீக்கிரம் தீரும். "கேம் ஆடினால் மட்டும் அணைகிறது" என்று கேட்டதும் கார்டைச் சந்தேகிக்கும் முன், கேமின்போது வீட்டில் மோட்டாரோ ஏசியோ ஓடத் தொடங்கியதா என்று கேட்டுப் பார்க்கலாம்.

சைன் வேவ் அல்லாத மலிவு இன்வெர்ட்டர்களோடு, ஆக்டிவ் பி.எஃப்.சி. (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று) கொண்ட நல்ல எஸ்.எம்.பி.எஸ்கள் சில ஒத்துப்போவதில்லை. பாட்டரிக்கு மாறும் கணத்தில் அணைந்துவிடும். இங்கே எஸ்.எம்.பி.எஸ் பழுதானதாகப் பொருளில்லை.

## உத்தரவாதம் கேட்கும்போது

சோதனையின் முடிவில் பிராசஸர்தான் என்று தெரிந்தால், அது இன்டெல்லின் 13 அல்லது 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் வகையாக இருந்தால், முதலில் மதர்போர்டு நிறுவனத்தின் பக்கத்திலிருந்து புதிய பயாஸைப் போட்டு, அமைப்புகளை 'இன்டெல் டிஃபால்ட்' நிலையில் வைக்கவும். பயாஸ் ஏறும்போது மின்சாரம் நின்றால் மதர்போர்டு முடங்கக்கூடும் என்பதால் யு.பி.எஸ் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம். அதன் பிறகும் கேம் நின்றால் பதிவேட்டுப் பக்கங்களைப் படமெடுத்து வையுங்கள். தேதி, விழுந்த கோப்பு, வேகத்தைக் குறைத்தபோது பிழை மறைந்த விவரம் மூன்றையும் ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். "கேம் ஆடினால் நிற்கிறது" என்று மட்டும் சொன்னால் விண்டோஸை மறுபடி நிறுவச் சொல்வார்கள். பாதி மாதம் போய்விடும்.

பெட்டியில் வந்த பிராசஸராக இருந்தால் இன்டெல்லிடமே நேரடியாகக் கேட்கலாம். டிரே வகை என்று சொல்லி, பெட்டியின்றி விற்கப்பட்டதாக இருந்தால் விற்ற கடையிடம்தான் கேட்க வேண்டும். முழுக் கம்ப்யூட்டராக வாங்கியிருந்தால் அதைத் தயாரித்த நிறுவனத்திடம். சென்னை ரிச்சி தெருவிலோ வேறெங்கோ இந்தத் தலைமுறை ஐ7, ஐ9 சிப்பைப் பழையதாக வாங்க எண்ணுபவர்கள், அது பெட்டியா டிரேயா என்பதையும் முதல் ரசீது இருக்கிறதா என்பதையும் விலைக்கு முன்னால் கேட்க வேண்டும். முன்பு எத்தனை மாதம் பழைய மைக்ரோகோடில் ஓடியது என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல வழியில்லை.

2024 ஆகஸ்டில் இன்டெல், பாதிக்கப்பட்ட மாடல்களின் பெட்டி வகைகளுக்கு உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்து, வாங்கிய நாளிலிருந்து ஐந்து ஆண்டு என்று ஆக்கியது. 2022 அக்டோபரில், கடைக்கு வந்த முதல் வாரத்திலேயே வரிசையில் நின்று வாங்கியவர்களுக்கும் 2027 அக்டோபர் வரை கேட்கும் உரிமை இருக்கிறது.